அழுத்தினால் அணையும் விளக்கு

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருந்தார். வயது முப்பத்தெட்டு. பெயர் இசக்கியம்மாள். ஆசிரமம் கிடையாது. ஒரு ஸ்கூட்டி, ஒரு டூல்ஸ் பை, காதுக்கு மேலே செருகிய டெஸ்டர், அவ்வளவுதான். ஃபேன் ஓடவில்லை, மோட்டார் எடுக்கவில்லை என்று யார் கூப்பிட்டாலும் போவார்.

அவருக்கு ஒரு சீடர். வயது அறுபத்தொன்று. பெயர் எபநேசர். முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற மறு வாரம் வீட்டில் ஃபியூஸ் போனபோது மட்டும் ஆள் தேட வேண்டியிருந்தது.

வந்தவர் இசக்கியம்மாள். இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எபநேசர் சார் தண்ணீரை நீட்டியபடியே, "எனக்கும் சொல்லித் தருவியளா?" என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை முப்பத்தொரு வருடம் கழித்துக் கண்டுபிடித்த மனிதர். அவரைப் பார்த்துச் சிரிப்பதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்றிலிருந்து அவர் இவரைக் "குருவே" என்பார். இவர் அவரை "சார்வாள்" என்பார்.

"தெருவுல வச்சு அப்படிக் கூப்பிடாதிய, சார்வாள். சாமியாரம்மான்னு நெனச்சு யாராவது விபூதி கேட்டுரப் போறாக."

சார் கேட்டால்தானே.

குருவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் சுவிட்சைத் தானே போட மாட்டார். அந்த வீட்டு ஆளை அழைத்துப் போடச் சொல்வார்.

ஒருமுறை சமாதானபுரத்தில் ஒரு தையல்கார அம்மா வீட்டில் புது லைட் மாட்டினார்கள். அந்த அம்மா கடைக்குப் போயிருந்தார். குரு சுவிட்சைத் தொடாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சீடருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நாமளே போட்டுப் பாத்தா என்ன, குருவே? எரிஞ்சா சரி. எரியலன்னா தப்பு. இதுல அவுக எதுக்கு?"

"இருங்க, சார்வாள்."

அரை மணி நேரம் இருந்தார்கள். அந்த அம்மா வந்து சுவிட்சைப் போட்டார். லைட் எரிந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட் துணியை ஊசிக்கடியில் வைத்தார்.

"ஏ தாயி, என் கை நெழலே தையலு மேல விழுதே."

குரு மறுபடி ஏறி, லைட்டை ஓரடி தள்ளி மாட்டிவிட்டு இறங்கினார்.

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது சீடர் விடவில்லை. "அது அந்த வீடு. எல்லா வீட்டுலயும் எதுக்கு?"

"சொல்லுதேன்," என்றார் குரு.

எட்டு மாதமாகியும் சொல்லவில்லை. சீடரும் வாரத்துக்கு ஒருமுறை கேட்பதை விடவில்லை. வாத்தியார் புத்தி, பதில் வராத கேள்வியைச் சும்மா விடுமா?

இனி சாரின் வீட்டைச் சொல்ல வேண்டும். கதையே அங்கேதான் இருக்கிறது.

சாரின் மனைவி சாராளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் கிடையாது. கையால் பேசுவார். கை என்றால் சாதாரணக் கை இல்லை. தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் அதை வீட்டுக்குள் வந்து இரண்டு குரலிலும் நடித்துக் காட்டும் கை. இசக்கியம்மாளுக்கு அந்தக் கை ஒரு பெயர் வைத்திருந்தது. இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதுபோல் காட்டினால், 'ஏணிக்காரி.'

காது கேளாதவர் இருக்கும் வீட்டில் காலிங் பெல் எதற்கு? அதனால் கல்யாணமான புதிதில் சார் ஒரு ஏற்பாடு செய்தார். யோசனை அவருடையது, வேலை செய்த கை வேறொரு எலக்ட்ரீஷியனுடையது. கேட் தூணில் ஒரு பெல் சுவிட்ச். ஹாலின் நடுவில் ஒரு விளக்கு. விளக்குக்குப் போகும் கரண்ட் கேட் வரைக்கும் போய், அந்த சுவிட்ச் வழியாகத் திரும்பி வரும். யாரும் தொடாதபோது விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சுவிட்சை அழுத்தினால் அணையும். விரலை எடுத்தால் மறுபடி எரியும்.

விளக்கு அணைந்து எரிந்தால் வாசலில் ஆள். சாராள் போய்க் கதவைத் திறப்பார்.

அதனால்தான் அந்த வீட்டில் பட்டப்பகலிலும் ஹால் விளக்கு எரியும். முதலில் குண்டு பல்பு, அப்புறம் டியூப் லைட், இப்போது கூரையில் ஒட்டினாற்போல் இட்லித் தட்டு அகலத்தில் ஒரு எல்.இ.டி. லைட்.

ஒவ்வொருவர் அழுத்துவதும் ஒவ்வொரு விதம். தபால்காரர் இரண்டு தட்டு. பால்காரம்மா ஒரு தட்டு. அவர்கள் மகள் பியூலா மட்டும் சின்ன வயதிலிருந்தே அழுத்தினால் விரலை எடுக்க மாட்டாள். அம்மா வந்து கேட்டைத் திறக்கும்வரை வீட்டுக்குள் விளக்கு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் அப்படித்தான், காலேஜ் விட்டு வந்தாலும் அப்படித்தான். "லைட் போயிரும்டி!" என்று சார் கத்துவார். சாராள் சிரித்துக்கொண்டே ஓடுவார். மகளுக்கு அவர் வைத்த சைகைப் பெயரும் அதுதான். இடது உள்ளங்கையில் வலது கட்டைவிரலை ஊன்றி, எடுக்காமல் வைத்திருப்பது. அப்படி வைத்தால் 'பியூலா.'

அந்தப் பியூலா மூன்று வருடமாக அந்த சுவிட்சை அழுத்தவில்லை.

சார் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து வைத்திருந்தார். அவள் சென்னையில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போகிறேன் என்றாள். கோர்ட்டில், ஆஸ்பத்திரியில், காது கேளாதவர்களுக்கு வாயாக இருக்கிற வேலை. சாருக்குக் கோபம் தலைக்கேறியது.

"படிச்சுப்போட்டுக் கைய ஆட்டிப் பிழைக்கப் போறியாக்கும்? போ. போனா இந்த வீட்டுப் பெல்லுல கை வைக்காத."

சாராளுக்குக் காது கேட்காது. ஆனால் கணவரின் உதட்டை முப்பது வருடம் படித்தவர். அதையும் படித்தார். அதன்பிறகு நான்கு நாள் அவர் கைகள் மடியிலேயே கிடந்தன. அந்த நான்கு நாளைப்போல் ஒரு தண்டனை தனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை என்று சார் குருவிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

அம்மாவும் மகளும் போனில் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொள்வார்கள். அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படிப்பார். பேப்பர் தலைகீழாக இருந்தாலும் இருக்கும்.

இப்படி இருக்கையில் லைட் கோளாறு ஆனது. குரு கோவில்பட்டியில் ஒரு பெரிய வேலைக்குப் போயிருந்ததால், அவர் வந்து பார்க்கட்டும் என்று சார் அதைத் தொடவில்லை.

யாரும் அழுத்தாமலே சிமிட்டத் தொடங்கியது. போட்ட பத்து நிமிடம் ஒழுங்காக எரியும். சூடேறியதும் கண்ணடிக்கும். சாராள் ஓடுவார். கேட்டில் ஆள் இருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி சிமிட்டும். முதல் நாள் நாற்பது தடவை போய்வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள், சாராளம்மா வாக்கிங் ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.

எட்டாவது நாள் தபால்காரர் நிஜமாகவே வந்து, அழுத்தி, காத்திருந்து, கடிதத்தைக் கேட்டில் செருகிவிட்டுப் போனார். சாராள் எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

'அது பொய் சொல்லுது,' என்றது கை. 'நான் போகமாட்டேன்.'

சரியாக அதற்கு மறுநாள், புதன்கிழமை, சாரின் போனில் ஒரு செய்தி வந்தது.

'அப்பா, நாளைக்கு வாரேன். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுல இருப்பேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க. நானே பெல் அடிக்கணும்.'

மூன்று வருடத்தில் அப்பாவுக்கு வந்த முதல் செய்தி.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. பதில் எழுதினார், அழித்தார். எழுதினார், அழித்தார். பதினொரு பதில் அழிந்தது. நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அங்கே மகளின் போனில் அப்பா படித்துவிட்டதற்கான நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் விழவில்லை.

சார் ஹாலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். விளக்கு அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. சாராள் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாளைக்கு மகள் வந்து அழுத்துவாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

கோவில்பட்டியில் வேலையில் இருந்த குருவுக்குப் போன் போட்டார்.

"குருவே! என் பிள்ள வாரா! நாளைக்கு ஒரு மணிக்கு! லைட் சிமிட்டுது! நான் என்ன செய்ய?"

"மொதல்ல மூச்சு விடுங்க, சார்வாள். நான் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"அதுவரைக்கும் என்னால இருக்க முடியாது."

"அப்ப நீங்களே பாருங்க. எட்டு மாசமா எதுக்குக் கத்துக்கிட்டிய? மெயினை அணைச்சிட்டு ஏறுங்க. ஆனா முடிச்ச பொறவு சுவிட்சை நீங்க போடாதிய. அம்மாவப் போடச் சொல்லுங்க."

"சரி, சரி," என்றார் சார். அவர் மனம் அப்போதே ஏணியில் பாதி ஏறிவிட்டது.

முதலில் கேட் சுவிட்சில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டார். முப்பது வருட சுவிட்ச், மழை வெயில் பட்டது, உள்ளே துரு பிடித்து ஆடலாம் அல்லவா? சரியான சந்தேகம்தான். சோதிக்க ஒரு வழியும் செய்தார். ஹால் கதவுக்கு மேலே ஒயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, கேட்டுக்குப் போகும் ஒயருக்கும் திரும்பி வரும் ஒயருக்கும் குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்தார். இப்போது கரண்ட் கேட்டுக்குப் போய்வர வேண்டியதில்லை. குறுக்கு வழியில் நேராக விளக்குக்குப் போய்விடும்.

விளக்கு அப்போதும் சிமிட்டியது. ஆகவே கோளாறு சுவிட்சில் இல்லை.

அடுத்து விளக்கைக் கழற்றினார். உள்ளே டிரைவர் என்று ஒரு குட்டிப் பெட்டி உண்டு, வருகிற கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தருவது. அதன் ஒரு ஓரம் சூட்டில் பழுப்பேறி உப்பியிருந்தது. சார் கூவினார். "நீதானா!" வீட்டில் காது கேட்கிற ஆள் வேறு யாரும் இல்லை. அதனால் டிரைவரைப் பார்த்தே இன்னொரு தடவையும் கூவினார். மார்க்கெட்டுக்கு ஓடி, அதே அளவில் புது டிரைவர் வாங்கி வந்து மாட்டினார். மூடியை முடுக்கினார். சாராளைக் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

யார் போட்டால் என்ன என்று தானே மெயினைப் போட்டார்.

விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் பார்த்தார், சிமிட்டவில்லை. அரை மணி நேரம், சிமிட்டவில்லை. படுக்கும்வரை அண்ணாந்தே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. விளக்கு மட்டும் அசையவில்லை.

அந்தக் குறுக்கு ஒயரை அவர் எடுக்கவே இல்லை. ஜங்ஷன் பாக்ஸை மூடியதோடு அதை மறந்துபோனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு பெட்டிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை. குரு ஸ்கூட்டியை அந்தத் தெருவில் திருப்பும்போது மணி பன்னிரண்டு.

எதிரே ஒரு பெண் தோளில் பையோடு வேகமாக நடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. அந்த முகத்தைக் குருவுக்குத் தெரியும். சாரின் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் முகம்.

"ஏட்டி, நீ பியூலாதான?"

அவள் நின்றாள். "நீங்க?"

"லைட் ரிப்பேர்காரி. ஒரு மணிக்கில்லா வாரேன்னு சொன்ன?"

"பொறுக்க முடியல. முந்துன பஸ்ல ஏறிட்டேன்."

"பொறவு எங்க போற?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"அம்மாவப் பாத்தாச்சா?"

"பெல்லை அழுத்தினேன்க்கா. பத்து நிமிஷம். விரலையே எடுக்கல." அவள் சிவந்த கட்டைவிரலைக் காட்டினாள். "கதவுக்கு மேல கண்ணாடி இருக்குல்லா, அது வழியா ஹால் லைட் தெரியும். அது அணையவே இல்ல. எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அப்பா பெல்லு ஒயரை வெட்டிட்டாங்க. அன்னைக்குச் சொன்னாங்க, செஞ்சிட்டாங்க."

"அப்பான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?"

"பெல்லை வெட்டுன வீட்டுல என்னன்னு கூப்பிட?"

குரு ஸ்கூட்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"நீ யாரு மக?"

"எபநேசர் சார் மக."

"ஃபிசிக்ஸ் வாத்தியார் மக. யோசிச்சுச் சொல்லு. அந்த ஒயரை வெட்டுனா லைட் என்ன ஆகும்?"

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சிறுவயதில் அப்பா அந்த விளக்கை வைத்துத்தான் அவளுக்கு மின்சுற்றே நடத்தியிருந்தார்.

"அணைஞ்சிரும்," என்றாள் மெதுவாக.

"அணைஞ்சிருக்கா?"

"இல்ல. எரியுது."

"அப்ப?"

"அப்ப வெட்டல." அவள் கண் பெரிதானது. "எங்கயோ சேத்திருக்காங்க!"

"லைட்டைச் சரிபண்ணுதேன்னு சேத்திருக்காரு. நீ வாரேன்னுதான் சரிபண்ணவே ஏறுனாரு மனுசன். நேத்து போன்ல அவர் போட்ட கூப்பாட்டுல என் காது இன்னும் வலிக்கி."

பியூலா சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"வா," என்றார் குரு. "பெல்லை அழுத்து. எப்பவும் எப்படி அழுத்துவியோ அப்படியே."

"எடுக்காமலா?"

"எடுக்காம. கை வலிச்சா விரலை மாத்திக்கோ. சுவிட்சை மட்டும் விட்டுராத."

பியூலா கேட் தூணில் கட்டைவிரலை ஊன்றினாள். விளக்கு அணையவில்லை. குரு பக்கவாட்டுச் சந்தில் இருந்த சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனார்.

ஹாலில் சார் விளக்குக்கு நேர் கீழே, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் மாமனார் மாதிரி நின்றுகொண்டிருந்தார். சலவை சட்டை. முகச்சவரம். சாராள் விளக்குக்கு முதுகு காட்டி, மடியில் முறத்தோடு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க குருவே, வாங்க! பாத்தியளா? இருபது மணி நேரம்! ஒரு சிமிட்டல் கிடையாது! டிரைவர்தான் கள்ளன். ஓரம் உப்பியிருந்தான், அமுக்கிப் பிடிச்சிட்டேன். ஒரு மணிக்குப் பிள்ள வருவா. எப்படி எரியுது பாருங்க!"

"நல்லா எரியுது, சார்வாள்."

"எரியாம? பெல்லு ஒயரெல்லாங்கூட சோதிச்சேன்."

"எப்படி?"

"குறுக்க ஒரு ஒயரைப் போட்டு."

"ம். பொறவு சுவிட்சைப் போட்டது யாரு?"

"அது..." சார் தலையைச் சொறிந்தார். "நான்தான். அவளைக் கூப்பிட்டேன், திரும்பல. எரிஞ்சா சரிதான? யார் போட்டா என்ன?"

குரு அண்ணாந்து விளக்கைப் பார்த்தார்.

"சார்வாள், நான் மொதல் மொதல்ல இந்த வீட்டுக்கு வந்தப்ப ஒண்ணு கேட்டேன். பட்டப்பகல்ல லைட்டை எரிய விட்டிருக்கியளே, கரண்டு சும்மாவா வருதுன்னு. நீங்க என்ன சொன்னிய?"

"அது லைட் இல்ல, இசக்கியம்மா, எங்க வீட்டுப் பெல்லுன்னு..."

சார் நிறுத்தினார். கண் மெல்ல விளக்கை விட்டுக் கதவுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸுக்குப் போனது.

"ஐயையோ," என்றார். "ஐயையோ, குருவே! அந்த ஒயரு!"

"ம்."

"மணி என்ன?"

"பன்னண்டே கால்."

"கர்த்தரே, ஸ்தோத்திரம்! முக்கா மணி நேரம் இருக்கு. இன்னும் வரல. வந்து அழுத்தியிருந்தா என்ன நெனச்சிருப்பா? நான் சொன்ன சொல்லு வேற இருக்கே. குருவே, ஏறுங்க, சீக்கிரம் எடுங்க!"

"நான் போடலையே."

"அவசரத்துல நான் வேற எதையாவது கழத்திருவேனே!"

"ஏணியை நான் பிடிச்சுக்கிடுதேன். ஏறுங்க."

சார் மெயினை அணைத்தார். ஃபேன் சுழன்று நின்றது. விளக்கு அணைந்தது. காற்று நின்றதும் சாராள் திரும்பிப் பார்த்தார். குருவைக் கண்டதும் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 'ஏணிக்காரி! வா.' பிறகு ஏணியில் நின்ற கணவரைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். 'மறுபடியுமா?'

சார் பாக்ஸைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திருகு கொடுத்தது. குறுக்கு ஒயர் கையோடு வந்தது. அதைத் தேளைப் பிடித்ததுபோல் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாக்ஸை மூடி, தடதடவென்று இறங்கி மெயினுக்கு ஓடினார்.

குரு அவர் கையைப் பிடித்தார்.

"நீங்க போடாதிய."

பிறகு சாராளைப் பார்த்து மெயினைக் காட்டினார். சாராள் தோளைக் குலுக்கினார். போனால் போகிறது என்று முறத்தைத் தரையில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தபடி வந்து மெயினைத் தூக்கிவிட்டார்.

ஃபேன் சுற்றியது. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமியது.

விளக்கு எரியவில்லை.

சார் அண்ணாந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார்.

"எரியலையே! குருவே, எரியலையே! இருபது மணி நேரம் எரிஞ்சுதே! டிரைவர் போச்சா? ஒயரைக் கழத்தும்போது வேற எதையும் கழத்திட்டனா? ஒரு மணிக்குப் பிள்ள வந்துருவாளே!"

பாய்ந்து ஏணியைப் பிடித்து இரண்டு படி ஏறிவிட்டார்.

சாராள் விளக்குக்கடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறான நாட்களில் அந்த விளக்கு கண்ணடிக்கும், உடனே விழிக்கும். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான், பால்காரம்மா வந்தாலும் அப்படித்தான். அணைந்தது அணைந்தபடியே இருந்து அவர் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

விளக்கு எரியவில்லை. இன்னும் எரியவில்லை.

சாராளின் வலது கட்டைவிரல் தானாக எழுந்து இடது உள்ளங்கையில் போய் ஊன்றியது. எடுக்காமல் நின்றது.

மறுகணம் ஓடினார். முறம் காலில் தட்டி அவரைக்காய் ஹால் முழுக்கச் சிதறியது. கதவின் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இவ எங்க ஓடுதா?" என்றார் சார் ஏணியிலிருந்து. "குருவே, நீங்களாவது சொல்லுங்களேன். என்ன கோளாறு?"

குரு ஏணியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"கோளாறு இல்ல, சார்வாள். வேலை செய்யுது."

சார் இருண்ட விளக்கைப் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். வாசலில் கேட் கிறீச்சிட்டது.

விளக்கு எரிந்தது.

சீடர் அதை அண்ணாந்து பார்க்கவில்லை. படி இறங்கி, ஸ்க்ரூடிரைவரைக் குருவின் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினார். மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல, அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.